நிற்பவர்களின் நோய்: குதிகால் வலியும் தீரும் வழியும்

(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேசத் தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். பின்வரிசையில் சிலர் நின்றுகொண்டிருக்கிறீர்கள். பக்கத்து அறையில் நாற்காலிகள் இருக்கின்றன. எடுத்துப் போட்டு உட்காருங்கள். குதிகால் வலியைப் பற்றிய பேச்சை நின்றுகொண்டு கேட்பது நியாயமாகாது. (சிரிப்பு)

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கிறீர்கள். குதிகாலில் சுருக்கென்று குத்துகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு விந்தி விந்திக் குளியலறை வரை போகிறீர்கள். நடக்க நடக்க வலி மட்டுப்படுகிறது. அடுப்படி வேலை முடிவதற்குள் மறந்தே போகிறது. பிறகு பேருந்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து வந்து இறங்கும்போது மறுபடியும் அதே குத்தல். இந்த அனுபவம் உள்ளவர்கள் கை தூக்குங்கள். நன்றி. இத்தனை கைகளைப் பார்த்து எனக்கு ஆச்சரியமில்லை. வாழ்நாளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்த வலி வரும் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. அதிலும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரைத்தான் அதிகம் பிடிக்கிறது.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். குதிகால் வலி ஒரு சுமைக் கணக்கு. பாதத்தின் அடியில் இருக்கும் ஒரு பட்டைக்குத் தாங்கும் சக்தி இவ்வளவு என்று ஓர் எல்லை உண்டு. நாம் ஏற்றும் சுமை அந்த எல்லையை நாள்தோறும் மிஞ்சினால் வலி வருகிறது. ஆகவே வைத்தியமும் இரண்டே வழியில்தான் நடக்க வேண்டும்: சுமையைக் குறைக்க வேண்டும், தாங்கும் சக்தியைக் கூட்ட வேண்டும். மாத்திரை, ஊசி, களிம்பு, செருப்பு எல்லாம் இந்த இரண்டுக்கும் துணைக்கு வருபவை.

பாதத்தின் அடியில் என்ன இருக்கிறது

உங்கள் உள்ளங்காலைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். குதிகால் எலும்பின் அடியில், உட்புற ஓரத்தில் ஒரு சிறு மேடு இருக்கிறது. அங்கிருந்து தடித்த நார்ப்பட்டை ஒன்று புறப்பட்டு, விசிறி போல விரிந்து, ஐந்து விரல்களின் அடிப்பகுதியில் போய் முடிகிறது. இதை மருத்துவர்கள் பிளான்டார் பேசியா என்பார்கள். நான் இன்று பட்டை என்றே சொல்கிறேன். பாதத்தின் உட்பக்கம் தரையில் படாமல் வளைந்து நிற்கிறதே, அந்த வளைவைச் சரிந்துவிடாமல் கீழிருந்து இழுத்துப் பிடித்திருப்பதில் பெரும்பங்கு இந்தப் பட்டைக்குத்தான்.

இன்னொரு வேலையும் இதற்கு உண்டு. பெருவிரலைக் கையால் மேல்நோக்கி வளைத்துப் பாருங்கள். பாதத்தின் வளைவு தானாக உயர்வது தெரியும். விரல் மேலே வளையும்போது பட்டை விரலின் அடியைச் சுற்றிக்கொண்டு இறுகுகிறது. இறுகியதும் குதிகாலும் முன்பாதமும் நெருங்கி, பாதம் கெட்டிப்படுகிறது. கப்பலில் நங்கூரக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளையின் வேலை இதுதான் என்று ஹிக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1954-இல் விளக்கினார். நடக்கையில் ஒவ்வொரு முறை குதிகாலைத் தூக்கி முன்னே உந்தும்போதும் இது நடக்கிறது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோமோ அத்தனை ஆயிரம் முறை பட்டை இறுகித் தளர்கிறது.

காலையில் முதல் அடி ஏன் அப்படிக் குத்துகிறது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. தூங்கும்போது பாதம் முன்னே தொங்கிய நிலையில் கிடக்கிறது. பட்டையும் கெண்டைக்கால் தசையும் இரவெல்லாம் சுருங்கிய நிலையிலேயே இருக்கின்றன. எழுந்து நின்ற கணத்தில் உடலின் முழு எடையும் சேர்ந்து அந்தச் சுருங்கிய பட்டையை ஒரே இழுப்பில் இழுக்கிறது. ஏற்கெனவே நைந்துபோயிருக்கும் இடம் எதுவோ, அங்கே வலிக்கிறது. பெரும்பாலும் அது குதிகாலின் உட்புற அடியில், பட்டை எலும்போடு ஒட்டும் இடம்.

நைந்துபோயிருக்கும் என்று சொன்னதைக் கவனியுங்கள். நெடுங்காலம் இது ஓர் அழற்சி என்றுதான் எல்லோரும் நம்பினோம். இன்றும் மருத்துவச் சீட்டில் அப்படித்தான் எழுதுகிறார்கள். அறுவைச் சிகிச்சையில் எடுக்கப்பட்ட ஐம்பது பேரின் பட்டைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து லெமான்ட் என்ற அமெரிக்கப் பாத மருத்துவரும் அவருடைய சகாக்களும் 2003-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அழற்சியில் வந்து குவியும் செல்கள் அங்கே இல்லை. நார்கள் சிதைந்து, ஒழுங்கு குலைந்து கிடந்தன. அவை நாள்பட்ட வலியாளர்களின் துணுக்குகள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். தொடக்க வாரங்களில் ஓரளவு அழற்சி இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் நீடிக்கும் குதிகால் வலியில் பெரும்பங்கு தேய்மானமும் முற்றுப்பெறாத பழுதுபார்ப்பும்தான். அழற்சியை அடக்கும் மாத்திரை ஏன் பலருக்குப் பலன் தருவதில்லை என்பது இப்போது விளங்கும்.

யாருக்கு வருகிறது

வர்ஜீனியாவில் ரிடில் என்ற இயன்முறை ஆய்வாளரின் குழு குதிகால் வலியுள்ள 50 பேரையும் வலியில்லாத 100 பேரையும் ஒப்பிட்டு 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மூன்று காரணங்கள் தனித்தனியே நிலைத்து நின்றன. வேலை நேரத்தில் பெரும்பகுதி நின்றே கழிப்பவர்களுக்கு வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல். உடல் எடைக் குறியீடு 30-ஐத் தாண்டியவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல். மூன்றாவதுதான் எல்லாவற்றையும் விஞ்சியது: பாதத்தை முழங்காலை நோக்கி மேலே மடக்க முடியாதபடி கணுக்கால் இறுகியவர்களுக்கு இருபது மடங்குக்கும் மேல்.

எடையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கணுக்கால் இறுக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கெண்டைக்கால் தசை குட்டையாக இருந்தால், நடக்கும்போது கணுக்கால் மடங்க வேண்டிய அளவு மடங்காது. அந்தக் குறையைப் பாதத்தின் வளைவு தாழ்ந்து ஈடுகட்டும். வளைவு தாழும்போதெல்லாம் பட்டை இழுபடும். வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனி சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படி பாதத்தை வையுங்கள். குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் கெண்டைக்கால் இறுகியிருக்கிறது. நம் பெரியவர்கள் குதிகால் தரையில் பதியக் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தார்கள், களை எடுத்தார்கள், பேச்சும் பேசினார்கள். நாற்காலியும் மேல்நாட்டுக் கழிப்பறையும் வந்தபின் நம்மில் பலருடைய கணுக்கால் நாள் முழுக்க ஒருமுறைகூட முழுதாக மடங்குவதில்லை.

இவை போக, திடீர்ச் சுமை ஒரு தனிக் காரணம். ஆண்டு முழுக்க மேசை வேலை பார்த்துவிட்டுத் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை புறப்படுகிறோம். பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் வருகிறோம். மருத்துவர் நடக்கச் சொன்னார் என்று முதல் நாளே பத்தாயிரம் அடி நடக்கிறோம். பக்தியிலும் குறையில்லை, நடையிலும் குறையில்லை. பட்டைக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் குறை. புறப்படுவதற்கு ஆறேழு வாரம் முன்பிருந்தே தூரத்தைப் படிப்படியாகக் கூட்டி வந்தால் பட்டையும் அதற்கேற்ப உரம் பெறும்.

இது வேறு வலியாக இருந்தால்

குதிகாலில் வரும் வலியெல்லாம் இந்தப் பட்டையின் வலி ஆகாது. சில அடையாளங்களைச் சொல்கிறேன். இவற்றில் ஏதாவது இருந்தால் என் பேச்சை நம்பி வீட்டில் இருக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

வலி குதிகாலின் அடியில் இல்லாமல் பின்புறம், கெண்டைக்கால் நாண் வந்து சேரும் இடத்தில் இருந்தால் அது வேறு நோய், வைத்தியமும் வேறு. குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கைகளால் அமுக்கினால் உயிர் போகிறது என்றால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். படுத்திருக்கும்போதும் வலி விடாமல் இருப்பது, எரிச்சலும் மரத்துப்போதலும் சேர்ந்து வருவது, வீக்கமும் காய்ச்சலும் வருவது ஆகியவை எச்சரிக்கை மணிகள். இருபது முப்பது வயது இளைஞருக்கு இரண்டு குதிகாலும் வலித்து, கூடவே காலையில் இடுப்பு விறைத்து அரைமணி நேரத்துக்கு மேல் நிமிர முடியாமல் இருந்தால், அது முதுகெலும்பைப் பிடிக்கும் வாதநோயின் தொடக்கமாக இருக்கலாம். அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

எட்டு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளை விளையாடிவிட்டு வந்து குதிகால் வலிக்கிறது என்றால், அது பெரும்பாலும் வளரும் எலும்பின் முனையில் வரும் வலி. செவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1912-இல் விவரித்தது. விளையாட்டைக் கொஞ்ச நாள் குறைத்தால் தணியும், வளர்ச்சி முடிந்ததும் போய்விடும். பிள்ளையை மிரட்ட வேண்டாம், பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறான் என்று திட்டவும் வேண்டாம்.

இன்னொன்று யூரிக் அமிலம். குதிகால் வலி என்றாலே இரத்தத்தில் யூரிக் அமிலம் பார்த்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள். யூரிக் அமிலம் கூடி வரும் நோய் வழக்கமாகப் பெருவிரல் மூட்டில், ஒரே இரவில் சிவந்து வீங்கிப் போர்வை பட்டாலும் பொறுக்காத வலியாக வரும். காலை முதல் அடியில் குத்திவிட்டு நடந்தால் குறையும் வலிக்கு யூரிக் அமிலத்தைக் குற்றம் சொல்வதில் பெரும்பாலும் பொருளில்லை.

முள்ளும் செங்கல்லும் ஊசியும்

எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். "குதிகால்ல முள்ளு வளந்திருக்குன்னு சொல்லிட்டாங்க டாக்டர். கால்சியம் அதிகமாயிடுச்சாம். பால் சாப்பிடறதையே நிறுத்திட்டேன்" என்பார் ஓர் அக்கா. அடுத்து வரும் அண்ணன் கால்சியம் குறைந்ததால் வலி என்று மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருப்பார். இருவரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். பட்டை எலும்பை இழுக்கும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் எலும்பு கொஞ்சம் நீண்டு வளர்வதுண்டு. அந்த முள் வலியுள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருக்கிறது. வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. வலி தீர்ந்த பிறகும் முள் அப்படியே இருக்கும். ஆகவே முள்ளைக் கண்டு பயப்பட வேண்டாம், பாலையும் நிறுத்த வேண்டாம். தேவைப்பட்டால் ஸ்கேனில் பட்டையின் தடிமன் பார்ப்பார்கள். நான்கு மில்லிமீட்டரைத் தாண்டினால் பட்டை தடித்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலோருக்கு இதுவும் தேவையில்லை. வலியின் கதையும் தொட்டுப் பார்க்கும் விரலுமே போதும்.

அடுத்தது செங்கல். செங்கல்லை அடுப்பில் சுட்டு, அதன்மேல் பழுத்த எருக்கிலையை வைத்து, குதிகாலால் அழுத்தி எடுக்கும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. சூடு பட்டால் வலி சற்று நேரம் அடங்குவது உண்மைதான். வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் சர்க்கரை நோய். சர்க்கரையால் பாதத்தின் உணர்வு மங்கியவர்களுக்குச் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறாமல் விரலையோ காலையோ இழக்க நேரிடலாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கும் கேடு. சர்க்கரை உள்ளவர்களும், தங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்காதவர்களும் செங்கல்லைத் தொட வேண்டாம். கால் மரத்தவர்கள் பனிக்கட்டி ஒத்தடமும் வைக்க வேண்டாம். உணர்வு நன்றாக இருப்பவர்கள் ஒரு பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு துணியைச் சுற்றி, மாலையில் பத்து நிமிடம் உள்ளங்காலுக்கு அடியில் உருட்டலாம். வலி தணியும்.

மூன்றாவது ஊசி. ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி சட்டென்று இறங்கும். ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் அந்த நன்மை ஏறத்தாழ ஒரு மாதம் வரைதான் நிற்கிறது, அதுவும் சிறிய நன்மையே. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகும் ஆபத்தும், குதிகாலுக்கு மெத்தையாக இருக்கும் கொழுப்புத் திண்டு மெலிந்துவிடும் ஆபத்தும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை அளவும் ஏறும். மற்ற வழிகள் கைகொடுக்காத நிலையில், பிள்ளையின் கல்யாணம் அடுத்த வாரம், நிற்காமல் முடியாது என்பது போன்ற நேரத்தில், மருத்துவர் யோசித்து ஒருமுறை போடுவதில் குற்றமில்லை. வலி வரும்போதெல்லாம் ஊசி என்று போவதுதான் தப்பு. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரையும் அப்படியே. மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

என்ன செய்ய வேண்டும்

இப்போது வைத்தியத்துக்கு வருகிறேன். எழுதிக்கொள்பவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

முதல் பயிற்சி பட்டையை நேரடியாக நீட்டுவது. காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன்பே செய்ய வேண்டும். கட்டிலில் உட்கார்ந்தபடி வலிக்கும் காலைத் தூக்கி மற்றத் தொடையின் மேல் போடுங்கள். ஒரு கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து முழங்காலை நோக்கி மேலே வளையுங்கள். உள்ளங்காலில் இழுப்பு தெரிய வேண்டும். மற்றக் கைவிரலால் தடவிப் பார்த்தால் பட்டை விறைத்து நிற்பது தெரியும். பத்து எண்ணும் வரை பிடித்துவிட்டு விடுங்கள். இப்படிப் பத்து முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. அவற்றில் ஒன்று காலை முதல் அடிக்கு முன். நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் இதைச் செய்துவிட்டு எழுவது நல்லது. பத்து மாதத்துக்கு மேல் வலியோடு இருந்த 101 பேரை வைத்து டிஜியோவானி என்ற மருத்துவரின் குழு நியூயார்க் மாநிலத்தில் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இப்படிப் பட்டையை நீட்டியவர்கள் எட்டு வாரத்தில் நன்றாகத் தேறினார்கள். இதற்குச் செலவு ஒரு காசு இல்லை.

இரண்டாவது, கெண்டைக்காலை நீட்டுவது. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னே வைத்து, குதிகால் எழாமல், முழங்கால் மடங்காமல் முன்னே சாயுங்கள். அரை நிமிடம். பிறகு பின்முழங்காலைச் சற்றே மடக்கி இன்னொரு அரை நிமிடம். மடக்காமல் செய்வது மேல்தசைக்கு, மடக்கிச் செய்வது உள்தசைக்கு. ஒவ்வொன்றும் மூன்று முறை. கணுக்கால் இறுக்கம் தளர்வது இதனால்தான்.

மூன்றாவதுதான் தாங்கும் சக்தியைக் கூட்டும் பயிற்சி. கடுமையான வலி அடங்கிய பிறகு தொடங்குங்கள். மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நில்லுங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரல்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும்படி அவற்றின் அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். மூன்று எண்ணும் வரை மெதுவாகக் குதிகாலை உயர்த்துங்கள், உச்சியில் இரண்டு எண்ணும் வரை நில்லுங்கள், மூன்று எண்ணும் வரை மெதுவாக இறக்குங்கள். பன்னிரண்டு முறை ஒரு சுற்று, மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் இரண்டு காலாலும் செய்யலாம், பழகியதும் ஒரு காலால். அதுவும் எளிதானால் முதுகுப் பையில் புத்தகங்களைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். நூலகத்தில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. டென்மார்க்கில் ராத்லெஃப் என்பவரின் குழு 48 பேரை வைத்து இதைச் சோதித்தது. மூன்று மாதத்தில் பளுப் பயிற்சி செய்தவர்கள், நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட முன்னே இருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு குழுவும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிட்டன. ஆக, பளுப் பயிற்சி சீக்கிரம் தேற உதவுகிறது. செய்ய முடியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை.

பயிற்சியில் வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாங்கள் நோயாளிகளுக்குச் சொல்லும் அளவுகோல் இது: பொறுக்க முடியாத வலியைப் பத்து என்று வைத்தால், பயிற்சியின்போது வரும் வலி நான்கைத் தாண்டக்கூடாது. மறுநாள் காலை முதல் அடி, முந்தைய நாள் காலையைவிட மோசமாக இருக்கக்கூடாது. இருந்தால் சுற்றுகளைக் குறையுங்கள், ஆனால் நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் முழு ஓய்வு எடுத்தால் வலி குறையும். பட்டையும் பலவீனமாகும். எழுந்து நடக்கத் தொடங்கியதும் வலி திரும்பி வரும்.

இந்த வைத்தியத்துக்குப் பொறுமை வேண்டும். பத்தில் எட்டு ஒன்பது பேர் அறுவைச் சிகிச்சை இல்லாமலே ஓராண்டுக்குள் தேறுகிறார்கள். ஒரு வாரம் செய்துவிட்டுப் பலனில்லை என்று விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஆறுமாதம் ஒழுங்காகச் செய்தும் வலி விடவில்லை என்றால் அதிர்வலைச் சிகிச்சை போன்ற வழிகள் இருக்கின்றன. அறுவைச் சிகிச்சை கடைசிப் படி.

காலுக்கு என்ன போடுவது

வீட்டுக்குள் வெறுங்காலில் நடப்பது நம் வழக்கம். மண்தரையிலும் சாணம் மெழுகிய தரையிலும் அது பொருந்தியது. டைல்ஸும் கிரானைட்டும் குதிகாலுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. வலி இருக்கும் வரையாவது அடுப்படியில் ஒரு மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கென்றே ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொண்டால் ஆசாரத்துக்கும் குறைவில்லை.

எம்.சி.ஆர். செருப்பு என்று கடைகளில் கேட்டிருப்பீர்கள். அதன் வரலாறு நம் வேலூரோடு சேர்ந்தது. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்டும் உடன் பணியாற்றியவர்களும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களில் புண் வராமல் காக்க எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பரைச் செருப்புக்குக் கொண்டுவந்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளும் குதிகால் வலிக்காரர்களும் அதையே தேடி வாங்குகிறார்கள். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். மேலே மெத்தென்று இருந்தால் போதாது. கீழ்ப்பகுதி கெட்டியாக இருக்க வேண்டும், குதிகால் பக்கம் சற்றே உயர்ந்திருக்க வேண்டும், பின்னால் வார் இருக்க வேண்டும். நடுவில் இரண்டாக மடங்கும் செருப்பும் தட்டையாய்த் தேய்ந்த ரப்பர் செருப்பும் உதவாது.

ஷூவுக்குள் வைக்கும் தாங்கட்டைகளைப் பற்றியும் கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் லேன்டார்ஃப் குழு 135 பேரை வைத்துச் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கால் அளவெடுத்துச் செய்ததும் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதும் ஒரே மாதிரிதான் உதவின. முதல் சில மாதங்களுக்குச் சிறிய நன்மை, ஓராண்டில் வேறுபாடு இல்லை. ஆகவே ஆயிரக்கணக்கில் செலவழிக்குமுன் சாதாரணமானதை வாங்கிப் பாருங்கள்.

நாற்காலி ஒரு மருந்து

கடைசியாக, என் கையில் இல்லாத ஒரு வைத்தியத்தைச் சொல்ல வேண்டும். ஜவுளிக்கடையில் காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை நிற்கும் ஒரு பெண்ணுக்கு நான் என்ன பயிற்சி சொல்லிக் கொடுத்தாலும் பாதி வைத்தியம்தான். மீதிப் பாதி முதலாளியின் கையில் இருக்கிறது. சுமையைக் குறைக்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன். நாள் முழுக்க நிற்பதைவிடப் பெரிய சுமை இந்தப் பட்டைக்கு வேறு எது?

கேரளத்தில் கோழிக்கோட்டைச் சேர்ந்த தையல் தொழிலாளி விஜியும் அவர் முன்னெடுத்த பெண்கூட்டு என்ற அமைப்பும், கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு உட்காரும் உரிமை வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார்கள். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அப்படியொரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரும் வகையில், எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்தச் சட்டம் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்கிறேன். உயர்ந்த கைகள் குறைவு. ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் ஸ்டூலில் உட்காருவது சோம்பேறித்தனம் ஆகாது. அது சட்டம் தந்த உரிமை, என் தொழிலின்படி ஒரு மருந்தும்கூட. பட்டறையில் நின்று வேலை பார்ப்பவர்களும் பரோட்டாக் கல்லின் முன்னே நிற்பவர்களும் காலடியில் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டுக்கொள்ளலாம். ஒரு சிறு முக்காலியை வைத்துக் கால்களை மாற்றி மாற்றி அதன்மேல் ஊன்றலாம். வகுப்பறையிலும் ஆசிரியர் நின்றுதான் பாடம் நடத்த வேண்டும் என்று எந்தப் பாடநூலிலும் எழுதவில்லை.

வலி இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. கெண்டைக்காலைத் தினமும் நீட்டுங்கள். நடையையும் ஓட்டத்தையும் படிப்படியாகக் கூட்டுங்கள். தேய்ந்த செருப்பை மாற்றுங்கள். எடை கூடியிருந்தால் குறையுங்கள். நாற்பது வயதைத் தாண்டியிருந்தால் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். குதிகால் வலியைத் தடுக்க இவ்வளவுதான் வேண்டும்.

நண்பர்களே, கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்யுங்கள். வலி உள்ளவர்கள் நாளைக் காலை கட்டிலைவிட்டு இறங்குமுன் விரல்களைப் பிடித்துப் பத்து முறை வளையுங்கள். அதை எட்டு வாரம் விடாமல் செய்யுங்கள். கடை வைத்திருப்பவர்கள் நாளைக் கடை திறக்கும்போது ஆளுக்கொரு ஸ்டூல் போடுங்கள். முதலாவதற்குச் செலவே இல்லை. இரண்டாவதற்கு ஆகும் செலவு, நல்ல ஊழியர் ஒருவர் வலி தாங்காமல் வேலையை விட்டுப் போவதால் வரும் நட்டத்தைவிடக் குறைவு.